ஆய்லர் முறையை லேபில் நடத்துவது: ஒரே ஒரு ஆர்.சி. சுற்று போதும்

கணிதத் துறை:
ஒரு மதிப்பு இப்போது மாறும் வேகத்தை வைத்து, அடுத்த மதிப்பைப் படிப்படியாகக் கணிப்பதுதான் ஆய்லர் முறை. அதற்கு ஒரு மின்தடையும் மின்தேக்கியும் தொடராக இணைந்த ஆர்.சி. சுற்று போதும்: 5 வோல்ட், 100 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட். நேர மாறிலி, அதாவது இறுதி மின்னழுத்தத்தின் 63.2 சதவீதத்தைத் தொட ஆகும் நேரம், 10 விநாடி என்பதால் மின்தேக்கி நிரம்புவதைக் கண்ணாலேயே தொடரலாம். கீபோர்டைத் தொடும் முன் நோட்டில் மூன்று படி போடச் சொல்லுங்கள். படி 1 விநாடி என்றால் 0.5, 0.95, 1.355 வோல்ட் வரும். இந்த மூன்று எண் நோட்டில் இல்லாவிட்டால், திரையில் எது வந்தாலும் அப்படியே ரெக்கார்டில் ஏறிவிடும்.

பிறகு சைலாப் (Scilab) என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஓடவிடுங்கள். 10-ஆம் விநாடிக்குச் சரியான விடை 3.161. ஆய்லர் தருவது 3.257. படியை அரை விநாடியாக்கினால் 3.208, பிழை ஏறக்குறைய பாதி. 0.1 விநாடிக்கு 3.170. ஒரு படிக்குள் நான்கு முறை வேகத்தைக் கணக்கிடும் நான்காம் வரிசை ரங்கே-குட்டா முறையோ 5 விநாடி வைத்து, இரண்டே படியில் 3.159-க்கு வந்துவிடும். ஆய்லர் 100 படி போட்டும் இவ்வளவு நெருங்கவில்லை. பிழையின் வரிசை, அதாவது படியைக் குறைத்தால் பிழை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதற்குத் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மின்னியல் துறை:
சார் சொன்னதோடு, படியை வேண்டுமென்றே பெரிதாக்கியும் காட்ட வேண்டும். 20 விநாடி வைத்தால் 0, 10, 0, 10 என்று ஓயாமல் ஊசலாடும். 25 வைத்தால் 12.5, −6.25, 21.875. 5 வோல்ட் சப்ளையில் இது நடக்கவே நடக்காது, கோளாறு முறையில்தான். படி நேர மாறிலியின் இரு மடங்கைத் தாண்டினால் ஒவ்வொரு படியிலும் பிழை பெருகும். ஆனால் அதிகம் ஏமாற்றுவது 15 விநாடிப் படி. 7.5, 3.75, 5.625 என்று ஆடி, கடைசியில் 5-இல் அடங்கிவிடுவதால் சரியென்று விட்டுவிடுகிறார்கள். இறுதி எண்ணை மட்டும் கேட்காமல் வரைபடத்தையும் கேளுங்கள்.

இயற்பியல் லேப்:
நிஜச் சுற்றையும் கணினிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அதன் வழியே கொஞ்சம் மின்னோட்டம் போவதால் மின்தேக்கி 4.95 வோல்ட்டில் நின்றுவிடும். அதே 10 விநாடிக்காக 1 மெகா ஓம், 10 மைக்ரோ ஃபாரட் என்று மாற்றினால் 4.55-க்கு மேல் ஏறாது. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியில் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சாதாரணம், கசிவு வேறு. ஆகவே அச்சிட்ட மதிப்பை நம்பாமல், இறுதி மின்னழுத்தத்தின் 63.2 சதவீதத்தைத் தொடும் நேரத்தை அளந்து, அதையே புரோகிராமில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 1 கிலோ ஓம் வழியாக முழுக்க இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். மிச்ச மின்னூட்டம் இருந்தால் முதல் அளவே தவறிவிடும்.

லேப் பொறுப்பாளர்:
எரர் காட்டாத தவறுகளே தலைவலி. சைலாபில் சைன் 90 என்று அடித்தால் 0.894 வரும், ஏனென்றால் கணக்கு ரேடியனில். சதுர அணியை நட்சத்திரக் குறியால் (*) பெருக்குவதும், புள்ளி சேர்த்த நட்சத்திரத்தால் (.*) பெருக்குவதும் வேறு வேறு. முதலாவது அணிப் பெருக்கல், இரண்டாவது உறுப்புக்கு உறுப்பு பெருக்கல். இரண்டுமே சத்தமில்லாமல் ஓடும். 2×2 அணியில் இரண்டையும் கையால் சரிபார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பெரிய கணக்கைக் கொடுக்க வேண்டும்.