திரைவாசிப்பான் பழைய பக்கத்தில் உளறுகிறது, புதுப் பக்கத்தில் வாயே திறப்பதில்லை. உதவுங்கள்

வாசகர்வட்டம்:
வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் தளத்தை 2004 முதல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நிரல் எழுதத் தெரியாது. பார்வையற்ற வாசகர் ஒருவர் போன் செய்தார். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறாராம். புதிய கட்டுரைகளில் ஆங்கிலச் சொற்களை மட்டும் படித்துவிட்டுத் தமிழைத் தாண்டிப் போகிறதாம். பழைய கதைகளிலோ நிறுத்தாமல் ஆங்கில எழுத்தாக ஒப்பிக்கிறதாம். என் கண்ணுக்கு இரண்டுமே நல்ல தமிழ்தான். எங்கே பிசகு?

நிரல்பித்தன்:
ஐயா, இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். புதுப் பக்கத்தின் மூலநிரலில் எச்டிஎம்எல் டேகைப் பாருங்கள். பக்கத்தின் மொழியைச் சொல்லும் 'லாங்' என்ற இடத்தில் 'இஎன்', அதாவது ஆங்கிலம், என்று இருக்கும், தளத்தின் வார்ப்புருவோடு (டெம்ப்ளேட்) வந்தது. அதனால் ஆங்கிலக் குரலே படிக்கிறது, அதற்குத் தமிழ் தெரியாது. தமிழைக் குறிக்கும் 'டிஏ' என்று மாற்றுங்கள். அவர் கணினியிலும் தமிழ்க் குரல் வேண்டும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுக் கருவியிலேயே இருக்கிறது.

அப்புறம், பழைய கதையிலிருந்து 'அம்மா' என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

வாசகர்வட்டம்:
ஒட்டினேன் தம்பி. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வருகிறது!

நிரல்பித்தன்:
நினைத்தேன். பாமினி. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டும் எழுத்துரு அது. திரைவாசிப்பான் வேஷத்தைப் பார்க்காது, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். தேடுபொறியிலும் அந்தக் கதைகள் தமிழில் சிக்கியிருக்காது. பாமினியை உண்மையான தமிழ் எழுத்தாக்கும் யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள். நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் பாமினி என்று எண்ணி மாற்றிவிடும், கவனம்.

செவிவழி:
நானும் என்விடிஏக்காரன்தான். ஐயா, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் உங்கள் தளத்தைச் சுற்றி வாருங்கள். தேடல் பூதக்கண்ணாடி எனக்கு வெறும் 'பட்டன்' என்றுதான் கேட்கிறது. அந்தப் பட்டனின் நிரலில் திரைவாசிப்பானுக்குப் பெயர் சொல்லும் 'ஏரியா லேபிள்' (aria-label) சேர்த்து 'தேடு' என்று எழுதுங்கள். இன்னொன்று, மாதக் கூட்ட அழைப்பிதழைப் படமாகப் போடுகிறீர்கள். எனக்குக் கிடைப்பது 'படம் 1'. படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் 'கூட்ட அழைப்பிதழ்' என்று போட்டு, நாள், நேரம், இடம் மூன்றையும் படத்துக்குக் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள். உண்மையில் எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். கதையைப் பிறகுகூடப் படித்துக்கொள்ளலாம், கூட்டம் முடிந்துபோனால் முடிந்ததுதான்.

வாசகர்வட்டம்:
லாங் மாற்றியாயிற்று, புதுக் கட்டுரைகள் தமிழில் பேசுகின்றன. குரல் இயந்திரத்தனமாக இருந்தாலும் பழகிவிட்டது என்கிறார் போன் செய்த வாசகர். அழைப்பிதழும் பட்டனும் சரி. கதைகளில் 11 முடிந்தது, இன்னும் நூற்றுச் சொச்சம் பாக்கி.

நேற்று அவரே கூப்பிட்டு, "சார், கதையில் ஏதோ டிரள வந்து நிற்கிறதே, அது என்ன வண்டி?" என்றார். பார்த்தால், பஸ் என்பதை அன்றைக்கு ஆங்கிலத்தில் அடித்து வைத்திருக்கிறேன். யூனிகோடு மாற்றி அதையும் பாமினி என்று எண்ணி 'டிரள' ஆக்கிவிட்டது.