ஆயிரங்கால் தூண்டிலில் சூரை குறைவு, வேண்டாத மீன் அதிகம்: ஆழமா, இரையா?

கேள்வி:
இழுவைப் படகை மாற்றிய சூரைப் படகு, வங்கக் கடல். மொத்தம் 480 தூண்டில், இரண்டு மிதவைக்கு நடுவே 6. மிதவைக் கயிறு 15 மீ, பிராஞ்ச் லைன் (தூண்டில் தொங்கும் கிளைக் கயிறு) 20 மீ, 40 மீட்டருக்கு ஒன்று. ஜே (J) வடிவத் தூண்டில், கம்பி லீடர் (தூண்டிலை ஒட்டிய கடைசித் துண்டு), கணவாய் இரை. லைன் ஷூட்டர் (படகைவிட வேகமாகக் கயிற்றைத் தள்ளிவிடும் மிஷின்) இல்லை. 6 நாட் வேகத்தில் விடுகிறோம். மஞ்சள் துடுப்புச் சூரை மூணு நாலுதான் ஏறுது. மயில் மீன், திருக்கை, சுறாதான் ஜாஸ்தி. எதை மாத்தணும்?

பதில் 1:
நூறு தூண்டிலுக்கு 0.6 முதல் 0.8 சூரை. முதல் சந்தேகம் ஆழம்தான். ஷூட்டர் இல்லாமல் 6 நாட்டில் விட்டால் மெயின் லைன் (கிளைக் கயிறுகள் கட்டிய தாய்க் கயிறு) விறைப்பாகவே இறங்கும். எல்லாத் தூண்டிலும் 35 மீட்டர் பக்கம் நிற்கும். அது மயில் மீன் திரியும் மட்டம்.
6 நாட் என்றால் நொடிக்கு 3.1 மீ. லைன் சுற்றிய டிரம்மை ஹைட்ராலிக்கில் ஓட்டி நொடிக்கு 3.9 மீ லைன் தள்ளுங்கள். இரண்டு மிதவைக்கு நடுவே உள்ள 280 மீ லைன் (7 × 40) 220 மீ இடைவெளியில் தொங்கும். நடுத் தூண்டில் கணக்குப்படி 100 மீட்டரை எட்டும். நீரோட்டம் இருந்தால் மேலே தூக்கும், அதனால் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்.

பதில் 2:
100 மீட்டர் போதும், அதற்கு மேல் இறக்க வேண்டாம். வங்கக் கடலில் பல இடங்களில் அதற்குக் கீழே ஆக்சிஜன் ரொம்பக் குறைவு, மஞ்சள் துடுப்பு அங்கே தங்காது. மிதவையை ஒட்டிய இரண்டு தூண்டிலையும் கழற்றிவிடுங்கள்; ஆமையும் மயில் மீனும் பெரும்பாலும் அதில்தான் மாட்டும். எந்த மீன் எத்தனையாவது தூண்டிலில் வந்தது என்று எழுதாமல் ஆழம் பற்றிப் பேசுவதே வீண்.
கம்பிக்குப் பதில் நைலான் லீடர் போட்டால் சுறா கடித்து அறுத்துக்கொண்டு போகும். அறுந்த தூண்டிலையும் எண்ணுங்கள். இல்லாவிட்டால் சுறாவே மாட்டவில்லை என்று கணக்கு பொய் சொல்லும்.

கேள்வி கேட்டவர்:
மயில் மீனுக்கு ஊரில் விலை இருக்கே அண்ணே?

பதில் 2:
அப்போ அதை வேண்டாத மீன் கணக்கில் சேர்க்காதீங்க, தனியா எழுதுங்க.

பதில் 3:
இரையையும் மாற்றுங்கள். கணவாயை ஆமை முழுசாக விழுங்கும்; அயிலை, மத்தி என்றால் பிய்த்துத் தின்னும், தூண்டில் முள் தொண்டைக்குள் இறங்குவது குறையும். 16/0 அளவு வட்டத் தூண்டில் (முனை உள்பக்கம் வளைந்தது) பெரும்பாலும் வாயோரத்தில்தான் குத்தும், கழற்றுவது சுலபம். ஆனால் அதனால் சுறா குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.
லைன் கட்டரும் முள் கழற்றியும் படகில் இருந்தே ஆகவேண்டும். நீளவால் சுறா எந்த இனமானாலும் வைத்திருக்க இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2010 முதல் தடை போட்டிருக்கிறது. படகுக்குள் ஏற்றாமல், தண்ணீரிலேயே வைத்து, முள்ளுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே லைனை வெட்டி, சுறாவை விட்டுவிடுங்கள்.