சொத்து மதிப்பீட்டு மென்பொருள்: மேசைக் கணினியா, கிளவுடா? நாங்கள் பட்ட அனுபவங்கள்

வேளச்சேரி, கட்டிடப் பொறியாளர்

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது, வங்கிகளுக்காகச் சொத்து மதிப்பீட்டு அறிக்கைகள் தயாரிக்கும், தரைத்தளத்தில் இருந்த என் அலுவலகத்திலிருந்து பத்திர நகல்களையும் முத்திரையையும் மட்டுமே மாடிக்குத் தூக்கிச் செல்ல முடிந்தது. மேசைக்கடியில் இருந்த சி.பி.யூ. இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. பேக்கப் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க்கும் அதே மேசையின் கீழ் இழுப்பறையில்தான் இருந்தது. மென்பொருளின் டாங்கிளும் (அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும்) சேற்றோடு போய்விட்டது. விற்றவர்கள் புதிய டாங்கிளுக்கு மென்பொருளின் முழு விலையையே கேட்டார்கள். ஒன்பது ஆண்டு அறிக்கைகளில் நான் மீட்டவை, வங்கிக் கிளைகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தவை மட்டுமே.

அடுத்த ஆண்டே சந்தா கட்டி, கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் கிளவுட் மென்பொருளுக்கு மாறிவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே அலுவலகத்துக்குள் மறுபடியும் தண்ணீர் வந்தது (மாடிக்கு மாற வாடகை இடங்கொடுக்கவில்லை). கணினி நனைந்தது, அறிக்கை ஒன்றும் நனையவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் யோசிக்காமல் கிளவுடுக்குப் போகலாம் என்பதே என் கருத்து.

மதுரை, வங்கிப் பேனல் மதிப்பீட்டாளர்

ஐயா சொல்லும் வெள்ளக் கதையை நான் மறுக்கவில்லை. ஆனால் என் அறிக்கை ஒன்று தண்ணீர் படாமலேயே அழிந்ததைச் சொல்ல வேண்டும்.

2016இல் வங்கிக் கடன் ஒன்றுக்காக ஒரு வீட்டுமனைக்கு அறிக்கை கொடுத்தேன். கணக்குக்கு எளிதாக இருக்கும்படி எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். மனை 1,800 சதுர அடி. அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பு) சதுர அடிக்கு 3,000 ரூபாய், ஆகவே 54 லட்சம். அக்கம்பக்கத்து விற்பனைகளை விசாரித்து நான் நிர்ணயித்த சந்தை மதிப்பு சதுர அடிக்கு 3,500 வீதம் 63 லட்சம். வங்கிப் படிவத்தில், நாம் சொல்லும் மதிப்புக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் 20 விழுக்காடோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால் காரணம் எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே வேறுபாடு 17 விழுக்காட்டுக்குள் இருந்ததால் அந்தப் பத்தியை எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

2017 ஜூன் 9ஆம் தேதி தமிழக அரசு வழிகாட்டி மதிப்புகளை 33 விழுக்காடு குறைத்தது. 2018இல் நான் கிளவுட் மென்பொருள் ஒன்றுக்கு மாறி, பழைய கோப்புகளையெல்லாம் அதில் ஏற்றினேன். 2021இல் அந்தக் கடன் வாராக்கடனாகி, வங்கியிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்து, என்னிடமுள்ள நகலைக் கேட்டார். நானும் அவர் எதிரிலேயே லாகின் செய்து அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் தம் கோப்பிலிருந்த, நான் கையொப்பமிட்ட பிரதியையும் புதிய அச்சையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு, பென்சிலால் ஓர் எண்ணைச் சுழித்து, "சார், இதில் எது உங்கள் அறிக்கை?" என்று கேட்டார்.

புதிய அச்சில் வழிகாட்டி மதிப்பு 2,010 ரூபாய் என்றும் மொத்தம் 36 லட்சத்து 18 ஆயிரம் என்றும் இருந்தது. அறிக்கைக்குள் அந்த எண் சேமிக்கப்படவே இல்லை. தெருவின் பெயரைக் கொண்டு நடப்பு மதிப்புப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு முறையும் அதை எடுத்துவரும்படி மென்பொருளை அமைத்திருந்தார்கள். தேதி மட்டும் 2016 என்றே நின்றது. விளைவு என்னவென்றால், வழிகாட்டி மதிப்பை விட 74 விழுக்காடு கூடுதலாக மதிப்பிட்டுவிட்டு, அதற்கு ஒரு வரிகூடக் காரணம் எழுதாதவன் போல நான் அவர் முன் உட்கார்ந்திருந்தேன்.

2016இல் அந்த அறிக்கையைத் தயாரித்த எக்செல் கோப்பு, விண்டோஸ் 7 ஓடிய பழைய கணினியோடு எடைக்குப் போய்விட்டது. கிளை மேலாளருக்கு அன்றே அனுப்பியிருந்த பி.டி.எஃப். என் மின்னஞ்சலில் கிடைத்ததால்தான் தப்பித்தேன். அதுவும் ஒரு வகையில் கிளவுட்தானே என்று என் மகன் கிண்டல் செய்கிறான். இருக்கட்டும், அது யாராலும் திருத்தப்படாமல் அங்கேயே கிடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

மனையின் மதிப்பு என்பது ஒரு குறிப்பிட்ட நாளுக்குரியது. தேய்மானமும் (கட்டிடம் பழசாகப் பழசாகக் குறையும் மதிப்பு) அப்படித்தான்: ஆயுள் 60 ஆண்டு, எஞ்சும் மதிப்பு 10 விழுக்காடு என்று கொண்டால் ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடு கழியும், 20 ஆண்டுக் கட்டிடத்துக்கு 30 விழுக்காடு. கட்டிடத்தின் வயதை மென்பொருள் அறிக்கை நாளிலிருந்து கணக்கிடுகிறதா, இன்றைய நாளிலிருந்து கணக்கிடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். என்னிடம் இருந்தது இன்றைய நாளிலிருந்து கணக்கிட்டது.

கொடைக்கானல்

எனக்கு வந்த சிக்கல் வேறு. மன்னவனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தைப் பார்வையிடப் போனபோது, கிளவுட் மென்பொருளின் அலைபேசிச் செயலி தானாகவே வெளியேறியிருந்தது. மீண்டும் உள்ளே நுழைய ஓ.டி.பி. கேட்டது, அங்கோ ஒரு கோடு சிக்னலும் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்த படங்கள் இல்லாமல் வங்கி அறிக்கையை ஏற்காது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளை நம்பியது, அலைபேசிக் கோபுரம் அதற்குத் தேவையில்லை. ஆனால் செயலி திறந்தால்தானே படம் எடுப்பது? அந்த மலைப்பாதையில் மறுநாள் இன்னொரு முறை போய்வந்தேன். இப்போது இணையமில்லாமல் இயங்கும் தனிக் கேமராச் செயலியில் படமெடுத்து, அளவுகளைப் பழையபடி நோட்டில் குறித்து, அலுவலகத்துக்கு வந்துதான் ஏற்றுகிறேன்.

வேளச்சேரி, கட்டிடப் பொறியாளர்

மதுரை ஐயா எழுதியதைப் படித்தவுடன் என் பழைய அறிக்கைகள் பத்தைத் திறந்து, அனுப்பிய பி.டி.எஃப்.களோடு ஒப்பிட்டேன். வழிகாட்டி மதிப்பு மாறவில்லை. ஆனால் மூன்றில் என் பதிவு எண்ணும் முகவரியும் இன்றையவையாக மாறியிருந்தன. 2019இல் கொடுத்த அறிக்கையில் 2022இல் குடிபோன வீட்டின் முகவரி! இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: தந்தையார் மருத்துவமனையில் இருந்த மாதம் சந்தா கட்டத் தவறியதால் பதினோரு நாள் என் கோப்புகளை நானே படிக்க முடியாமல் இருந்தேன். கம்பெனிகள் சட்டத்தின் கீழான 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டாளர் விதிகளின்படி பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு பணியின் ஆவணங்களையும் குறைந்தது மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது, மென்பொருள் விற்றவர்களுடையது அன்று. ஆகவே, யோசிக்காமல் போகலாம் என்று முன்பு எழுதியதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மதுரை, வங்கிப் பேனல் மதிப்பீட்டாளர்

நானும் கிளவுடை விட்டுவிடவில்லை ஐயா. உதவியாளர்கள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்ய அது வசதியாக இருக்கிறது. கையொப்பமிட்ட அன்றே பி.டி.எஃப். எடுத்து, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, ஒரு பிரதியை அலுவலகத்திலும் மற்றொன்றை வீட்டிலுள்ள ஹார்ட் டிஸ்க்கிலும் வைக்கிறேன். பதிவுத்துறை இணையதளத்தில் அன்று காட்டிய வழிகாட்டி மதிப்புப் பக்கத்தையும் படமெடுத்து அறிக்கையோடு இணைத்துவிடுகிறேன். மதிப்பை அறிக்கை நாளோடு பூட்டும் வசதி வேண்டும் என்று மென்பொருள்காரர்களிடம் கேட்டேன். அடுத்த பதிப்பில் வரும் என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு பதிப்புகள் வந்துவிட்டன. வழிகாட்டி மதிப்பு எடுத்த நாளைக் குறிப்புப் பகுதியில் இன்னும் கையால்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.