சிறந்த ஊழியர் விருதில் சமூக சேவைக்கும் மதிப்பெண் வேண்டுமா?

மூன்றாம்ஷிப்ட்:
பெங்களூரில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளராக இருக்கிறேன். எங்கள் கம்பெனியில் வருடா வருடம் சிறந்த ஊழியர் விருது கொடுப்பார்கள். கூட்டாக வேலை செய்வது, தலைமைப் பண்பு, சமூக சேவை என்று மூன்று தலைப்பு, மூன்றுக்கும் சம மதிப்பெண். இந்தத் தடவை தேர்வுக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். வந்திருக்கும் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை.

போன டிசம்பரில் நடந்தது ஒன்று சொல்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து டூல்களைத் திருப்பி வைக்கும்போது, தன் பெட்டியில் ஒரு டிரில் பிட், அதாவது துளை போடும் முனை, குறைகிறது என்று ஒரு அப்ரண்டிஸ் பையன் தானாகவே வந்து சொன்னான். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, முகமெல்லாம் வேர்த்திருந்தது. பதினொரு பேர் வீட்டுக்குப் போகாமல் டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு தேடினோம். இரண்டரை மணி நேரம் கழித்து, இறக்கைப் பகுதியில் ரிப் என்கிற இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில், சீலன்ட் பூசிய மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைக் கவனிக்காமல் மூடியிருந்தால் அந்த இறக்கையோடு அதுவும் பறந்திருக்கும்.

அந்தப் பையனுக்கு சமூக சேவைக் கட்டத்தில் பூஜ்யம். மரக்கன்று நட்டது, மாரத்தான் ஓடியது என்று படத்தோடு அனுப்பியவர்கள் அவனுக்கு மேலே நிற்கிறார்கள். சேவை நல்ல விஷயம்தான், நானும் ரத்தம் கொடுப்பவன். ஆனால் விமானம் செய்கிற இடத்தில் விருதுக்கு அது அளவுகோலாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வரைபலகை:
முழுசாக ஒத்துக்கொள்கிறேன் தம்பி. முப்பத்திரண்டு வருடம் டிசைன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூட்டு வேலை, தலைமை என்ற இரண்டு சொற்களுக்கும் எங்கள் துறையில் என்ன அர்த்தம் என்று கேட்டால், 1986 ஜனவரி 27 ராத்திரியைத்தான் சொல்வேன்.

சேலஞ்சர் விண்ணோடம் மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். ஃபுளோரிடாவில் கடுங்குளிர். பூஸ்டர் ராக்கெட் செய்த மார்ட்டன் தயோகால் கம்பெனிக்காரர்கள் யூட்டாவிலிருந்து நாசாவோடு தொலைபேசியில் பேசுகிறார்கள். ரோஜர் பாய்ஜோலியும் ஆர்னி தாம்ப்சனும் பூஸ்டர் துண்டுகள் சேரும் இணைப்பில் வாயு கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிப்போகும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவக் கூடாது என்று மன்றாடினார்கள். அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸ். முதலில் கம்பெனியும் அதையேதான் சொன்னது. நாசா தரப்பு அதை எதிர்த்ததும், கம்பெனிக்காரர்கள் ஐந்து நிமிடம் கேட்டுத் தொலைபேசி இணைப்பைத் துண்டித்தார்கள். அது அரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில்தான் பொறியியல் பிரிவுத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போடு என்றார் மேலே இருந்தவர். ஏவலாம் என்று நான்கு நிர்வாகிகள் முடிவு எடுத்தார்கள். பொறியாளர்களை யாரும் கேட்கவில்லை. மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் ஏழு பேர் போனார்கள்.

அந்த நான்கு பேரும் ஊருக்கு எவ்வளவு நல்லது செய்திருந்தாலும் அன்றைய ராத்திரிக்கு அது உதவியிருக்குமா?

சனிக்கிழமைவகுப்பு:
வணக்கம் ஐயா. சேலஞ்சர் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அன்றைக்கு ஏவலாம் என்று கையெழுத்துப் போட மறுத்த ஆலன் மெக்டொனால்டும் அதே கம்பெனிக்காரர்தான். பூஸ்டர் திட்டத்துக்கே இயக்குநர். கையெழுத்து யூட்டாவிலிருந்து வேறொருவர் போட்டு ஃபேக்ஸில் வந்தது. அப்புறம் விசாரணைக் குழு முன்னால் உண்மையைச் சொன்னதற்காக அவரைப் பதவியிலிருந்து நகர்த்தினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். ரப்பர் வளையம் இருந்த அந்த பூஸ்டர் இணைப்பைத் திருத்திச் செய்யும் வேலையை அவரே தலைமை தாங்கி முடித்தார். 1988 செப்டம்பரில் டிஸ்கவரி விண்ணோடம் பறந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவருடைய விசுவாசம் கம்பெனி கேட்டோடு முடியவில்லை. கேட்டுக்கு வெளியே இருக்கும் முகம் தெரியாத மனிதருக்கும் நான் பொறுப்பு என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. சமூக சேவை என்பதும் அந்த நினைப்புதான். அதை விருதிலிருந்து எடுத்துவிட்டால் மேலாளருக்குப் பிடித்த மாதிரி நடப்பதுதான் கூட்டு வேலை என்று ஆகிவிடும்.

நான் ஓசூரில் சிஎன்சி புரோகிராமர், கம்ப்யூட்டரில் ஓடும் வெட்டு இயந்திரங்களுக்கு நிரல் எழுதுபவன். ஐந்து வருடமாக சனிக்கிழமைகளில் பக்கத்து அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவெடுக்கச் சொல்லித் தருகிறேன். முதல் வாரம் மைக்ரோமீட்டரைக் கொடுத்து, உங்கள் தலைமுடி எவ்வளவு தடிமன் என்று கேட்பேன். முடியைப் பிய்த்துப் பிய்த்து வகுப்பே ரகளையாகும். ஒருத்தி 0.07 மில்லிமீட்டர் என்பாள், இன்னொருத்தி 0.09 என்பாள். யார் சரி என்று சண்டை வரும். அப்போதுதான் கருவியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதில் வித்தியாசம் வருகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். இந்த வகுப்புக்கு முன்னால் மெஷின் ஷாப்பில் யாராவது சந்தேகம் கேட்டால் எரிந்து விழுவேன். இப்போது அப்படி இல்லை, என் கீழே வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

நெல்லைசெவிலி:
நான் உங்கள் துறை இல்லை. ஆனாலும் எழுதத் தோன்றியது. 2021 மே மாதம் நெல்லைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் கொரோனா வார்டில் இருந்தேன். நாளைக்கு எத்தனை தடவை ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. முள் கொஞ்சம் இறங்கினாலும் வயிற்றைப் பிசையும். அந்த நாட்களில் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் திரவ ஆக்சிஜன் டேங்கர்கள் போய்க்கொண்டிருந்தன. ராக்கெட் என்ஜினைச் சோதிக்க வைத்திருந்த அதே ஆக்சிஜன், மைனஸ் 183 டிகிரியில் திரவமாக இருப்பது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் 850 லிட்டருக்கு மேல் வாயு வரும் என்று எங்கள் பிளான்ட் டெக்னீஷியன் சொன்னார். எனக்கு அந்த 850 ஒவ்வொன்றும் ஒரு மூச்சாகத் தெரிந்தது.

டேங்கர் உள்ளே வந்ததும் வராண்டாவில் நின்ற ஒரு பாட்டி லாரியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அதை அனுப்பியவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர்களும் கொரோனா பயத்தோடுதானே வேலைக்கு வந்திருப்பார்கள்? இது சேவை இல்லையென்றால் எதைச் சேவை என்பது?

மூன்றாம்ஷிப்ட்:
அக்கா, படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்த மே மாதத்தில்தான் என் மாமா போனார்.

ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது என்று நினைக்கிறேன். மகேந்திரகிரிக்காரர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள், தனியாக ஒரு சேவைக் கட்டத்தை நிரப்பவில்லை. கடுங்குளிர் திரவம் வைக்கிற கிரையோஜெனிக் டேங்கைக் கையாளத் தெரிந்ததால்தான் அது முடிந்தது. ஹைதராபாத்தில் கலாம் குழு செய்த காலிப்பரும், அதாவது காலைத் தாங்கும் கருவியும், அப்படித்தான். ஏவுகணைக்காக உருவாக்கிய லேசான கூட்டுப்பொருளை வைத்து, போலியோ வந்த பிள்ளைகள் மூன்று கிலோ இரும்பை இழுத்துக்கொண்டு நடந்த இடத்தில் 300 கிராம் காலிப்பர் கொடுத்தார்கள். கைவசம் இருந்த தொழிலிலிருந்தே வந்த உதவி அது. சேவைக்கு மதிப்பெண் போடுகிறோம் என்று எங்கள் கம்பெனியில் நடப்பதோ வேறு. இரண்டு வருடம் முன்னால் ஏரிக்கரையில் நாற்பது கன்று வைத்தோம். பிளெக்ஸ் பேனர், தொப்பி, படம் எல்லாம் ஆயிற்று. இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது மூன்றுதான் உயிரோடு இருந்தன.

ரிவெட்துப்பாக்கி:
இவ்வளவு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் அசெம்பிளி பிரிவில், விமானத் தகடுகளைச் சேர்க்கிற ரிவெட் ஆணிகளை அடிக்கிற பெண். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, மாமியாருக்கு இன்சுலின் போட்டு, பிள்ளையைப் பள்ளிக்குத் தயார்செய்துவிட்டு ஆறரை பஸ்ஸைப் பிடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏரி சுத்தம் செய்ய வா என்றால் எங்கே போவேன்? எங்கள் பிரிவில் சேவைக் கட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒன்பது பேரில் ஒருத்திகூட கைக்குழந்தைக்காரி இல்லை. வீட்டில் வேறு ஒருவர் சோறு வைத்துக் காத்திருக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கட்டம் நிரம்புகிறது.

சனிக்கிழமை வகுப்பு அண்ணா, உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் செய்வது அருமையான வேலை. என் மகளுக்கே அப்படி ஒரு வகுப்பு கிடைத்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் அதற்கு விருதில் மதிப்பெண் போட்டால், அந்த மதிப்பெண் என்னைப் போன்றவர்களிடமிருந்து போகிறது.

சனிக்கிழமைவகுப்பு:
தங்கச்சி, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சனிக்கிழமை நான் கிளம்பும்போது என் வீட்டிலும் ஒருவர் என் வேலையைச் சேர்த்துச் செய்கிறார். இத்தனை வருடத்தில் அதை நான் யோசித்ததே இல்லை. இன்று ராத்திரி அவரிடம் இதைச் சொல்லப் போகிறேன்.

ஆனாலும் கட்டத்தையே எடுத்துவிடுவதற்கு நான் ஒப்ப மாட்டேன். வேலை நேரத்திலேயே அதற்கு இடம் கொடுக்கட்டும். மாதம் அரை நாள் சம்பளத்தோடு கம்பெனியே அனுப்பட்டும். பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு 2014 முதல் சொல்கிறது. பணத்தை ஒதுக்க முடிகிறவர்களால் நேரத்தை ஒதுக்க முடியாதா?

வரைபலகை:
நேரம் கொடுப்பது நல்ல யோசனை. மதிப்பெண்ணுக்கு மட்டும் நான் இன்னும் எதிரிதான். காரணம் சொல்கிறேன்.

2024 ஜனவரி 5, போர்ட்லேண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் போயிங் 737 மேக்ஸ் விமானம். 15,000 அடியை நெருங்கும்போது பக்கவாட்டில் கதவு அளவுக்கு ஒரு பலகை பிய்த்துக்கொண்டு போனது. விமானத்துக்குள் 177 பேர். ஓட்டைக்குப் பக்கத்து இருக்கைகளில் யாரும் உட்காராததால் உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்ததில், அந்தப் பலகையைப் பிடித்து வைக்க வேண்டிய நான்கு போல்ட்டும் போடப்படவே இல்லை. போயிங்கின் ரென்டன் தொழிற்சாலையில், பக்கத்தில் இருந்த ரிவெட்டுகளைச் சரிசெய்ய அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். உடற்பகுதி செய்த கம்பெனி ஒன்று, விமானத்தை முடித்துக் கொடுக்கிற கம்பெனி இன்னொன்று. திறந்ததற்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் போல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைக்கிற ஒரு வரிதான் எங்கள் தொழிலில் கூட்டு வேலை. அந்த வரியை எழுதுபவர் 177 பேருக்குச் சேவை செய்கிறார். அவரைத் தேடிப்பிடித்துப் பாராட்டுவது கஷ்டம், ஏனென்றால் அவர் சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது. மூன்றாவது கட்டம் ஒன்றை வைத்தால் குழுவின் கண் சுலபமாகத் தெரிகிற பக்கம்தான் போகும். நான் இரண்டு தடவை அப்படிப்பட்ட குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு தடவையும் படம் இருந்த விண்ணப்பத்துக்குத்தான் நானே கை தூக்கினேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

நெல்லைசெவிலி:
ஐயா, எங்கள் வார்டிலும் ஷிப்ட் மாறும்போது நோயாளி வாரியாக எழுதி, படுக்கை பக்கத்தில் நின்று வாயாலும் சொல்லிவிட்டுத்தான் போவோம். ஒரு தடவை நான் எழுதாமல் விட்ட ஒரு மருந்தை அடுத்து வந்த பெண் கேட்டுக் கேட்டு வாங்கினாள். அவளுக்கு எந்த விருதும் இல்லை. நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் டேங்கர் அனுப்பியவர்களை யாராவது மேடையில் கூப்பிட்டு நன்றி சொன்னால், நான் லீவு போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்காருவேன்.

மூன்றாம்ஷிப்ட்:
எல்லோருக்கும் நன்றி. நாளை மறுநாள் கூட்டம். முதலில் எழுதிய மாதிரி கட்டத்தையே எடுக்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. சேவைக்கு வேலை நேரத்தில் அரை நாள், அதற்குத் தனியாக ஒரு நன்றிக் கடிதம், மதிப்பெண் கிடையாது என்று எழுதியிருக்கிறேன். ரிவெட் அக்கா சொன்ன காரணத்தை முதல் பத்தியிலேயே வைத்திருக்கிறேன்.

அந்தப் பையனின் பெயரை நானே முன்மொழிகிறேன். விண்ணப்பத்தோடு இணைக்க அன்றைய டூல் பதிவேட்டில் அவன் எழுதிய பக்கத்தை நகல் எடுத்திருக்கிறேன். ‘ஒரு பிட் குறைகிறது’ என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து. கூட அவனோடு தேடிய மற்ற பத்துப் பேர் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.

சனிக்கிழமைவகுப்பு:
மதிப்பெண் விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை தம்பி, கூட்டம் முடிந்ததும் என்ன ஆயிற்று என்று இங்கேயே எழுதுங்கள். அந்தப் பையனுக்கு ஓசூர் வர முடியுமா என்றும் கேளுங்கள், பஸ் செலவு என்னுடையது. தொலைந்த பிட்டைத் தேடிய கதையை அவன் வாயாலேயே என் பிள்ளைகள் கேட்க வேண்டும்.