ஒன்றரை மாச நாய்க்குட்டி: வயித்தோட்டமும் நிக்குதில்லை, வீட்டுக்குள்ள போறதும் நிக்குதில்லை

நிலா_விசுவமடு

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை சந்தையடியில ஆரோ கடதாசிப் பெட்டியோட நாலு குட்டியை விட்டிட்டுப் போட்டினம், அதில ஒரு கடுவனை எங்கட தம்பி சேட்டுக்குள்ள வைச்சு சைக்கிள்ள கொண்டு வந்திட்டான். பல்லு ஊசி மாதிரி வந்திருக்கு, ஒன்றரை மாசம் இருக்கும் எண்டு பக்கத்து வீட்டு மாமா சொன்னவர். பேர் வீமன், ஆனா ஆள் என்ர ரெண்டு கைக்குள்ள அடங்கிற அளவுதான்.

பிரச்சினை என்னெண்டால் வந்த அண்டைக்கு பால்மா கரைச்சுக் குடுத்தம், சிரட்டையை நக்கி முடிச்சிட்டுப் பிறகும் கத்தினான், அடுத்த நாள் சோத்துக்கு சொதி விட்டுப் பிசைஞ்சு மீன் தலையும் குடுத்தம், அண்டைக்குப் பின்னேரம் தொடங்கின வயித்தோட்டம் இண்டைக்கு அஞ்சாம் நாள், ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம் போறான், மஞ்சளா கஞ்சித்தண்ணி மாதிரி, சிலநேரம் சளி மாதிரியும் வருது. ரத்தம் இல்லை, சத்தி இல்லை, விளையாடுறான். ஆனா வயிறு மட்டும் பறை மாதிரி ஊதிக் கிடக்கு, முதுகெலும்பு கையில படுது.

மற்றது, எல்லாம் வீட்டுக்குள்ளதான். பாயில, நெல்லு மூட்டைக்குக் கீழ, நேற்று சாமியறை வாசல்ல. அம்மா இன்னும் ரெண்டு நாள் பாப்பன் பேந்து படலைக்கு வெளியாலதான் எண்டு நிக்கிறா. இரவில வெளியில விட எனக்குப் பயம், எங்கட வளவுக்குப் பின்னால பத்தைக் காடு, நரியும் வரும் பாம்பும் வரும். மூக்கைப் பிடிச்சு அதுக்குள்ள தேச்சால் பழகும் எண்டு சித்தப்பா ஒருக்கா தேச்சவர், அதுக்குப் பிறகு அவன் எங்களைக் கண்டால் கதிரைக்குப் பின்னால ஒளிச்சுப் போய்ப் போறான். ஆராவது தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ ப்ளீஸ்.

மாங்குளத்தாள்

தங்கச்சி முதல் அந்தப் பால்மாவை நிப்பாட்டும். இது எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான், குட்டி எண்டால் பால் எண்டு எங்களுக்கு மண்டையில கிடக்கு. தாய்ப்பால் வேற, மாட்டுப்பால் வேற. மாட்டுப்பால்ல இருக்கிற லாக்டோஸ் எண்ட இனிப்புச் சத்து குட்டியின்ர வயித்தில வடிவா செரிக்காது, செரிக்காமப் போய்க் குடல்ல தண்ணியை இழுக்கும், அதுதான் கஞ்சித்தண்ணி மாதிரிப் போறது. பால்மாவும் அதே பால்தானே. ஒன்றரை மாசக் குட்டிக்குப் பால் கட்டாயமும் இல்லை, மூண்டு நாலு கிழமையிலயே தாயின்ர சாப்பாட்டில வாய் வைக்கத் தொடங்கியிடுங்கள்.

சொதி அதைவிட மோசம். அதுக்குள்ள வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பால் எல்லாம் கிடக்கு. வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு, ரத்தத்தில இருக்கிற சிவப்பணுவை உடைக்கும். நாங்கள் சின்னனில இருந்து சொதிச்சோறு போட்டுத்தானே நாய் வளத்தனாங்கள் எண்டு என்ர அப்பாவும் சொல்லுவார், வளந்த நாய் தாங்கிச்சுது, தாங்காததுகளை ஆர் கணக்கு வைச்சது?

இப்ப செய்ய வேண்டியது, வெள்ளைப் பச்சையரிசியைக் குழையக் காய்ச்சுங்கோ, உப்பு வேண்டாம். தோல் இல்லாத கோழி இறைச்சியைத் தண்ணியில மட்டும் அவிச்சு நாராப் பிச்சு, ரெண்டு பங்கு சோத்துக்கு ஒரு பங்கு இறைச்சி. கோழி இல்லாட்டி குளத்து மீனை அவிச்சு முள்ளு ஒண்டுகூட இல்லாம விரலால தடவிப் பாத்துப் போட்டுக் குடுக்கலாம். பூசணிக்காய் ஒரு துண்டு அவிச்சு மசிச்சுச் சேத்தால் நல்லம். ஒரேயடியா இல்லை, கொஞ்சம் கொஞ்சமா நாலைஞ்சு தரம். பெரிய நாய்க்குச் செய்யிற மாதிரி ஒரு நாள் பட்டினி போட்டுப் பாப்பம் எண்டு மட்டும் நினையாதேங்கோ, இவ்வளவு சின்னதுகள் பட்டினி கிடந்தால் ரத்தத்தில சீனி இறங்கிச் சுருண்டு விழுந்திடுங்கள்.

பக்கத்தில எப்பவும் தண்ணி இருக்கோணும். வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கற்றை அதில போட்டிருக்கிற மாதிரியே ஒரு லீட்டர் ஆறவைச்ச தண்ணியில கரைச்சு, பத்துப் பதினைஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கரண்டியால கடைவாயில விடுங்கோ, அண்ணாத்திப் பிடிச்சு ஊத்தினால் புரையேறும்.

நாலுகாலன்

மாங்குளத்தாள் அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா வயிறு பறை மாதிரி, முதுகெலும்பு தெரியுது எண்டதை வாசிச்ச உடன எனக்கு ஞாபகம் வந்தது வயித்துப் பூச்சி. நான் டொக்டர் இல்லை, மிருக வைத்தியப் பணிமனை ஒண்டில கொஞ்சக் காலம் உதவிக்கு நிண்டனான், அங்க வாற ஊர்க்குட்டியளில பூச்சி இல்லாததைக் கண்டது குறைவு. குட்டி பிறக்கேக்கயே பூச்சியோடதான் பிறக்கும், தாயின்ர வயித்துக்குள்ளயும் வரும், பால்லயும் வரும். அதாலதான் 2, 4, 6, 8 கிழமை எண்டு அடுத்தடுத்து மருந்து குடுக்கிறது, பிறகு ஆறு மாசம் வரைக்கும் மாசத்துக்கு ஒருக்கா. உங்கட ஆளுக்குத் தாய்க்காரி ஆரெண்டே தெரியாது, ஒண்டும் குடுபட்டிருக்காது.

மருந்து நிறைக்கு ஏத்த மாதிரித்தான். ரவுணில ஒரு கடையில எங்கட சொந்தக்காரப் பெடியனுக்கு "குட்டிக்கு அரைக் குளிசை காணும்" எண்டு குட்டியைக் காணாமலே வெட்டிக் குடுத்தவை, அது பெரிய நாய்க்குரிய குளிசை, குட்டி ரெண்டு நாள் எழும்பேல்லை. ஆகவே பக்கத்துக் கடைத் தராசில வைச்சு நிறுத்துப் போட்டு, நிறையை எழுதிக்கொண்டு போய் மிருக வைத்தியரிட்டக் கேளுங்கோ. குட்டியையும் கொண்டு போங்கோ, கொஞ்சம் கக்காவையும் சின்னப் போத்தல்ல எடுத்துக் கொண்டு போனால் பாத்துச் சொல்லுவினம்.

இப்ப வீட்டில ஒரு வேலை. மேல் சொண்டைத் தூக்கி முரசை, அதுதான் பல்லு ஈறை, பாருங்கோ. ரோஸ் நிறமா இருந்தால் ஓகே, வெள்ளைக் கடதாசி மாதிரி வெளிறி இருந்தால் கொக்கிப் புழு ரத்தம் குடிக்குது எண்டு சந்தேகப்படோணும், அதுக்குக் கக்கா தார் மாதிரிக் கறுப்பாவும் போகும். பிறகு கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கோ, உடன இறங்கோணும். கூடாரம் மாதிரி நிண்டால் உடம்பில தண்ணி இல்லை.

சத்தி தொடங்கினாலோ, ரத்தம் கலந்து ஒரு மாதிரி அழுகின நாத்தத்தோட போனாலோ, சாப்பாட்டை மணந்து பாத்திட்டுத் திரும்பிப் படுத்தாலோ ஒரு இரவுகூடப் பொறுக்காதேங்கோ, அது பார்வோ எண்ட வைரஸ் வருத்தமா இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ வந்தால் ரெண்டு மூண்டு நாள்ள முடிச்சிடும். அதுக்கான ஊசி 6 - 8 கிழமையில தொடங்கி மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா, 16 கிழமை வரைக்கும் போடோணும். விசர்நாய்த் தடுப்பூசி வேற, அது அரசாங்கம் இலவசமாப் போடுறது. ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சு "ஊசி போட்டாச்சு" எண்டு இருக்கிறாக்கள்தான் கூட.

இன்னொண்டு, வீட்டில கிடக்கிற பனடோலையோ, வயித்தோட்டம் நிப்பாட்ட மனிசர் போடுற குளிசையையோ உடைச்சுக் குடுக்க வேண்டாம். தம்பி வெறுங்காலோட அந்த வளவுக்குள்ள நிக்கிறவரெண்டால் செருப்புப் போடச் சொல்லுங்கோ, கக்காவை அண்டண்டைக்கே அள்ளித் தாட்டு விடுங்கோ, அந்தப் பூச்சியள் மனிசருக்கும் வரும்.

குளக்கட்டு_ராசா

எங்கட அப்பு காலத்தில நாய்க்குத் தராசும் இல்லை ஜீவனியும் இல்லை. ஊர்நாய் தானாப் பிழைக்கும். சும்மா ஒரு குட்டிக்கு இவ்வளவு கதையோ?

மாங்குளத்தாள்

அண்ணை உங்கட அப்பு காலத்தில ஒரு ஈத்தில எட்டுப் போட்டு எத்தினை பிழைச்சதெண்டு அவரையே கேட்டுப் பாருங்கோ. எங்கட வீட்டில ஒண்டு பார்வோவில போய், மூண்டு மாசத்தால அதே வளவுக்கு வந்த மற்றதும் போனது. அந்தக் கிருமி மண்ணில மாசக்கணக்காக் கிடக்கும் எண்டு அப்ப எங்களுக்குத் தெரியாது. சீமெந்து நிலமெண்டால் ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணி கலந்து கழுவலாம், மண்ணை என்னத்தால கழுவுறது?

நிலா_விசுவமடு

மெத்த நன்றி எல்லாருக்கும். முரசு ரோஸ்தான், தோலும் உடன இறங்குது. அரிசிக் கடைத் தராசில வைச்சம், 1 கிலோ 900 கிராம், கடைக்காரர் பில் போடவோ எண்டு பகிடி விட்டவர். டொக்டர் பாத்திட்டுப் பாணி மருந்து தந்தவர், ரெண்டு கிழமையால திரும்பவும் குடுக்கச் சொன்னவர். அடுத்த நாள் விடிய, சொன்னால் நம்ப மாட்டீங்கள், இடியப்பம் மாதிரி ஒரு சுருள், அதில ரெண்டு மூண்டு நெளிஞ்சு கொண்டு கிடந்தது. அம்மா கண்டிட்டு அண்டைக்கு மத்தியானம் சாப்பிடேல்லை.

இப்ப பகல்ல நல்லம், நாலு தரம்தான் போறான், கொஞ்சம் இறுகியும் வருது. ஆனா ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு எழும்பிப் பாத்தால் குசினி வாசல்ல திரும்பவும் தண்ணியா. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான், அதே கஞ்சிதான். விளங்குதில்லை. அதோட வெளியில போகப் பழக்கிறது எப்பிடி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

படலையடி

பிள்ளை, வயிறு கலங்கின குட்டியைப் பழக்க ஏலாது, அவனுக்கே வாறது தெரியாது, அதாலதான் ஆக்கள் முதல் வயித்தைப் பற்றிச் சொன்னவை. இப்ப இறுகுது எண்டபடியால் தொடங்கலாம். நான் மல்லாவியில மாட்டோட அஞ்சு நாய் வளத்தனான், ஒண்டும் வீட்டுக்குள்ள போறேல்லை, ஒண்டுக்கும் அடிச்சதும் இல்லை.

குட்டி போற நேரம் மூண்டு. நித்திரையால எழும்பின உடன, சாப்பிட்டுப் பத்து இருவது நிமிசத்தில, விளையாடி முடிஞ்ச கையோட. இந்த மூண்டு நேரமும் நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியில நிக்கோணும். நடத்திக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, விறாந்தை தாண்ட முதலே விட்டிடுவான். அதைவிட ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இந்த வயசில அதுக்கு மேல அடக்கச் சொல்லிக் கேக்கிறது அநியாயம்.

இடம் ஒண்டா இருக்கோணும். நான் வேலிக் கரையில ஒரு பூவரசுக்குக் கீழ, அவன் முதல் நாள் வீட்டுக்குள்ள போன மூத்திரத்தைத் துடைச்ச சாக்குத் துண்டைக் கொண்டுபோய்ப் போட்டு விடுவன், தன்ர மணத்தைக் கண்டவுடன சுத்திச் சுத்தி மணந்து குந்துவான். குந்தேக்க சத்தம் போடாதேங்கோ. எழும்பின அந்த நிமிசத்திலயே "கெட்டிக்காரன்" எண்டு தடவி, மடியில முடிஞ்சு வைச்ச அவிச்ச கோழித் துண்டு ஒண்டு குடுங்கோ, வீட்டுக்குள்ள வந்து குடுத்தால் வீட்டுக்குள்ள வந்ததுக்குத்தான் குடுத்ததெண்டு நினைப்பான்.

உங்கட சித்தப்பா மூக்கைத் தேச்சது, குறை நினைக்காதேங்கோ, அதுதான் கதிரைக்குப் பின்னால போனதுக்குக் காரணம். வீட்டுக்குள்ள போறது பிழை எண்டு அவனுக்கு விளங்கேல்லை, மனிசருக்கு முன்னால போறது பிழை எண்டுதான் விளங்கியிருக்கு, இனி வெளியில கூட்டிக்கொண்டு போனாலும் உங்களுக்கு முன்னால குந்தக் கொஞ்ச நாள் வெக்கப்படுவான், ரெண்டு பாகம் தள்ளி வேற பக்கம் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. வீட்டுக்குள்ள தொடங்கிறதைக் கண்ணால கண்டால் கையைத் தட்டி உடன தூக்கிக்கொண்டு ஓடுங்கோ. காணாட்டி பேசாமல் துடையுங்கோ. டெட்டோல் போட்டால் எங்களுக்குத்தான் மணம் போகும், அவனுக்குப் போகாது, வினாகிரியும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துடைச்சுப் பாருங்கோ.

இரவில வெளியில விடாதேங்கோ. ஒரு பழைய மரப்பெட்டி, படுத்துத் திரும்பிற அளவு மட்டும், அதுக்குள்ள சாக்கு. தான் படுக்கிற இடத்தில நாய் லேசில போகாது, முனகும். முனகினால் எழும்புங்கோ, இரவு ஒருக்கா ரெண்டு தரம் எழும்பத்தான் வேணும், கைக்குழந்தை மாதிரித்தான்.

விடிய ஆறு மணி விசயத்துக்கு ஒரு கேள்வி. உங்கட வீட்டில ஆர் முதல் எழும்புறது?

நிலா_விசுவமடு

படலையடி ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு மறுமொழி நேற்று விடிய கிடைச்சுது. நாலரைக்கு அலாம் வைச்சு எழும்பிக் குசினிப் பக்கம் போனன். அம்மம்மா அடுப்பு மூட்டிப் போட்டு பலகையில இருக்கிறா, மடியில வீமன், ஒரு கையில பால்ரீக் கோப்பை, மற்றக் கையால பாணைத் தோய்ச்சுத் தோய்ச்சு அவன்ர வாயில வைக்கிறா. என்னைக் கண்ட உடன கோப்பையைச் சீலைக்குள்ள மறைக்கப் பாத்தா. ஒரு கிழமையா நடந்திருக்கு. "நீங்கள் பச்சைத்தண்ணிச் சோத்தைக் குடுத்து அந்தப் பிள்ளையைக் காய வைக்கிறியள், அதுதான்" எண்டு என்னோட சண்டை.

நான் பாலைப் பற்றிச் சொன்னது அவவுக்கு ஏறேல்லை. கடைசியில, விடியச் சாப்பாடு குடுக்கிறது அம்மம்மாதான், ஆனா நான் இரவே அவிச்சு மூடி வைக்கிற கஞ்சியைத்தான் குடுக்கோணும், குடுத்திட்டு அவனைப் பூவரசடிக்குத் தூக்கிக்கொண்டு போறதும் அவதான் எண்டு பேசி முடிச்சிருக்கு. இண்டைக்கு விடிய ரோச் லைற்றோட போனவ. திரும்பி வந்து எங்கள் எல்லாரையும் எழுப்பி, "வந்து பாருங்கோ, கட்டியாப் போயிருக்கிறான்" எண்டு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. அம்மாவும் வந்து பாத்தவ.