மறு: இரண்டாம்நிலைத் துகளா, விளைதுகளா?

அனைவருக்கும் வணக்கம்.

குளிர்நாட்டு நகரங்களின் குளிர்கால மாசு பற்றிய பாட அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். விறகடுப்புப் புகைபோக்கியிலிருந்து துகளாகவே வெளிவருவது ஒரு வகை. வாயுவாக வெளியேறிக் காற்றில் துகளாக மாறுவது இன்னொரு வகை. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் வீடு சூடேற்றும் எண்ணெயிலுள்ள கந்தகம் சல்ஃபேட் ஆகிறது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் வாகன நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகி, அம்மோனியாவுடன் கூடி அம்மோனியம் நைட்ரேட் ஆகின்றன. இந்த இரண்டாவது வகையை ‘இரண்டாம்நிலைத் துகள்’ என்றால் மாணவர்கள் அதை ஆபத்துக் குறைந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சொல் உண்டா?

———

அம்மா, முதல் வகையை உமிழ்துகள், இரண்டாவதை விளைதுகள் என்று வைக்கலாம். இரண்டும் வினைத்தொகை. விளைந்த, விளைகின்ற, விளையும் துகள் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இந்த மாசின் இயல்பும் அதுதானே? தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோல் படிந்துவிட்டால், நாள்கணக்கில் துகள் விளைந்துகொண்டே இருக்கும். ‘உமிழ்’ எச்சிலை நினைவூட்டும் என்று தயங்க வேண்டாம். கார்பன் உமிழ்வு எழுதிப் பழகிவிட்டோம். ‘தூசி’ மட்டும் வேண்டாம். துகளுக்குக் குற்றம் என்ற பொருளும் அகராதியில் உண்டு, மாசுக்கும் உண்டு. இரண்டும் இங்கே சேர்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

———

ஐயா, வினைத்தொகை சரி. ஆனால் விளைநிலம், விளைபொருள் என்று பழகியவர்கள் விளைதுகளை வயல்வெளித் தூசி என்றுதான் படிப்பார்கள். இரண்டாம்நிலை என்பது தரமல்ல, வரிசை. ஆசிரியர் ஒரு வரியில் சொல்லிவிடலாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு நாம் புதிதாக ஒரு சுமை வைக்கக் கூடாது.

அப்புறம், அத்தியாயத் தலைப்பிலுள்ள ‘பனிப்புகை’. பனியும் புகையும் என்று பிரித்தால் உம்மைத்தொகை, ஒற்று மிகாது. ‘பனிபுகை’ என்றுதான் வர வேண்டும். பொருளும் இடிக்கிறது: மேகமில்லாத தெளிந்த இரவில் தரை வெப்பத்தை இழப்பதால்தான் அந்த மூடி வலுக்கிறது. பனியே இல்லாத நாளிலும் மாசு ஏறும்.

———

பனிப்புகையைப் பனிக்காலத்துப் புகை என்று விரித்தால் ஒற்று மிகலாமே, ஐயா? அது இருக்கட்டும். விளைதுகளுக்கு என் ஆதரவு.

———

எனக்கும் விளைதுகளே சரி. ஆனால் ஒரு சிக்கல். விறகுப் புகையிலுள்ள சில ஆவிகள் புகைபோக்கியை விட்டு வந்ததும் குளிர்ந்து துகளாகின்றன. வேதிவினை ஏதும் இல்லை. அவை உமிழ்ந்தவையா, விளைந்தவையா? ‘திரள்துகள்’ என்று மூன்றாவது ஒன்று வேண்டும்.

———

நன்றி. நால்வரில் மூவர் சொன்னபடி விளைதுகள் என்றே எழுதி அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் இரண்டாம்நிலைத் துகளையும் சேர்த்திருக்கிறேன். தலைப்பைக் ‘குளிர்கால நுண்துகள் மாசு’ என்று மாற்றிவிட்டேன். திரள்துகளுக்கு அத்தியாயத்தில் இடமில்லை.

———

விளைதுகளுக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது, அம்மா. திரள்துகளை ஏற்கிறேன்.