எலுமிச்சை தோல்ல இருக்கற லிமோனீன் கேன்சர் செல்லை கொல்லுமா?

கோவைப் பையன்:
எங்க சித்திக்கு மார்பக கேன்சர், ரெண்டு கீமோ முடிஞ்சிருக்கு. குடும்ப வாட்ஸப் குரூப்ல எலுமிச்சை கீமோவை விட 10,000 மடங்கு பவர்னு ஒரு ஃபார்வர்டு, அதை நம்பி சித்தப்பா தினமும் எலுமிச்சையை ஃப்ரீசர்ல வச்சு தோலோட துருவி மோர்ல கலந்து குடுக்கறாரு. தேடிப்பார்த்தா லேப்ல செல் செத்துச்சுன்னு நிஜமாவே பேப்பர் இருக்கு, அதான் குழப்பம்.

தேன்தோடை:
10,000 மடங்கு சுத்த கப்சா. ஆனா லிமோனீன் கப்சா இல்ல. ஆரஞ்சு தோல் எண்ணெய்ல 90 சதவீதத்துக்கு மேல அதான், உரிக்கும்போது கண்ணுல பீய்ச்சுமே அது. மனுஷங்களுக்கும் குடுத்து பார்த்தாச்சு. 1998ல பிரிட்டன்ல இருந்து வந்த ட்ரையல்ல, வேற மருந்து எதுக்கும் கட்டுப்படாத 32 பேர், அதுல மார்பக கேன்சர் இருந்த ஒரு அம்மாவுக்கு கட்டி சுருங்கி 11 மாசம் அப்படியே இருந்துச்சு. ஆஹான்னு இன்னும் 10 மார்பக கேன்சர் பேஷன்ட்டுக்கு குடுத்தாங்க, ஒருத்தருக்கும் சுருங்கல. அப்புறம் 2013ல அரிசோனா யுனிவர்சிட்டி ஸ்டடி, ஆபரேஷனுக்கு முன்னாடி 43 பெண்களுக்கு தினம் 2 கிராம், 2ல இருந்து 6 வாரம். மார்பு திசுல போய் நல்லாவே சேர்ந்துச்சு, செல் பெருக உதவற சைக்ளின் டி1 புரோட்டீன் 22 சதவீதம் குறைஞ்சுச்சு, ஆனா செல் பெருகற வேகத்தை காட்டற கேஐ67ல பெருசா மாற்றமில்ல. கட்டி கரையுதான்னு அதுல பாக்கவே இல்ல, ஒப்பிட வேற குரூப்பும் கிடையாது.

கோவைப் பையன்:
அப்போ துருவி குடுத்தா 2 கிராம் வருமா?

தேன்தோடை:
அங்க குடுத்தது அளந்து வச்ச லிமோனீன் ப்ரோ. சித்தப்பா துருவறதுல ஒருநாள் எவ்ளோ, மறுநாள் எவ்ளோன்னு யாருக்கு தெரியும்.

வார்டு நர்ஸக்கா:
தம்பி, முதல்ல வாய்ப்புண் இருக்கான்னு சித்திகிட்ட கேளுங்க, கீமோல இருக்கறவங்களுக்கு புளிப்பு பட்டா உயிர் போற எரிச்சல். கீமோவால வெள்ளணு குறையும், சரியா கழுவாத தோலை பச்சையா துருவி குடுக்கறதும் நல்லதில்ல. இன்னொன்னு, எலுமிச்சையோட நிறுத்திக்க சொல்லுங்க, கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ்னு அடுத்த ஃபார்வர்டை பார்த்து ஆரம்பிச்சுட போறாரு. அதுல இருக்கற ஒரு சத்து குடல்ல மருந்தை உடைக்கிற என்சைமை முடக்கிடும், சில கேன்சர் மாத்திரை ரத்தத்துல தாறுமாறா ஏறிடும். என்ன குடுக்கறீங்களோ அதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, திட்டினாலும் பரவால்ல.

கோவைப் பையன்:
நன்றிக்கா. சித்திக்கு போன் போட்டேன், வாய் எரியுதுன்னு ஒரு வாரமா அந்த மோரை செம்பருத்திக்கு ஊத்திட்டு இருக்காங்களாம், சித்தப்பாகிட்ட சொல்லிடாதடான்னு வேற சொல்றாங்க.